ரூஜ் எ ஓர் அணியின் ஊரில்

வியாழக்கிழமை, மான்ட்ரியல்

கனடாவின் பல்கலைக்கழகக் காற்பந்தில் (உலகெங்கும் காலால் மட்டும் ஆடும் காற்பந்து அன்று; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனடியக் காற்பந்து) நாட்டின் முதன்மைப் பட்டத்தை மிக அதிக முறை வென்றிருப்பது கியூபெக் நகரத்து லவால் பல்கலைக்கழகத்தின் ‘ரூஜ் எ ஓர்’ அணி. சிவப்பும் பொன்னும் அதன் சீருடை நிறங்கள். பெயரும் அவற்றிலிருந்தே வந்தது. 1996ஆம் ஆண்டில்தான் முதல் ஆட்டம் ஆடிய அந்த அணி, 2024 வரை அந்தப் பட்டத்துக்குரிய வனியே கோப்பையை 12 முறை வென்றிருக்கிறது. அதைவிடப் பல தலைமுறைகள் மூத்த அணிகள் நாடெங்கும் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு அந்த எண்ணிக்கையில் பாதிகூடக் கைகூடவில்லை. இவ்வளவு இளைய அணி இத்தனை விரைவில் எவ்வாறு முன்னேறியது என்பதை அதன் ஊருக்கே சென்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்துடன் இப்பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன்.

ஆயினும் நேராகக் கியூபெக் நகருக்குச் செல்லாமல் மான்ட்ரியலில் ஒரு நாள் தங்கினேன். லவால் அணி தோன்றுவதற்கு முன் இந்தக் கியூபெக் மாகாணத்தில் இந்த விளையாட்டு யாருடையதாக இருந்தது என்பதை மெக்கில் பல்கலைக்கழகத்தைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

மெக்கில் வளாகத்துக்கு மேலே, ராயல் மலையின் சரிவைக் குடைந்து அமைத்ததுபோல் நிற்கிறது பெர்சிவல் மோல்சன் மைதானம். முதல் உலகப் போரில் 1917இல் உயிரிழந்த மெக்கில் விளையாட்டு வீரர் ஒருவரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. மதுவடிப்புத் தொழிலால் செல்வம் சேர்த்த மோல்சன் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இன்று தொழில்முறை அணியான மான்ட்ரியல் அலுவெட்ஸும் இங்கேதான் ஆடுகிறது. பார்வையாளர் வரிசையின் உச்சியில் நின்றால் நகரின் உயர்ந்த கட்டடங்கள் மிக அருகில் தெரிகின்றன.

வட அமெரிக்கக் காற்பந்தின் பிறப்பிலும் மெக்கிலுக்குப் பங்கு உண்டு. 1874 மே மாதத்தில் மெக்கில் மாணவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்று ஹார்வர்டு மாணவர்களுடன் இரண்டு நாள்கள் ஆடினர். ஒரு நாள் ஹார்வர்டின் விதிகளும், மறுநாள் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி சார்ந்த மெக்கிலின் விதிகளும் பின்பற்றப்பட்டன. இரண்டாவது முறை ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. இன்று அமெரிக்கக் காற்பந்து என்று உலகம் அறியும் ஆட்டத்தின் வேர்களுள் ஒன்று அந்தச் சந்திப்பில் இருக்கிறது.

கனடிய வடிவம் அமெரிக்க வடிவத்திலிருந்து சற்று வேறுபட்டது. மைதானம் 110 கெஜ நீளமும் 65 கெஜ அகலமும் கொண்டது; அணிக்கு 12 பேர்; 10 கெஜம் முன்னேறுவதற்கு மூன்றே வாய்ப்புகள். அமெரிக்கர்களுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. வாய்ப்பு குறைவாக இருப்பதால் கனடியர்கள் பந்தை எறிவதையும் உதைப்பதையும் அதிகம் நம்புகிறார்கள். எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் உதைக்கப்பட்ட பந்தை அவர்களால் வெளியே கொண்டுவர முடியாமல் போனால், உதைத்த அணிக்கு ஒற்றைப் புள்ளி கிடைக்கும். அமெரிக்க ஆட்டத்தில் இல்லாத இந்தப் புள்ளி, லவாலின் வரலாற்றில் ஓரிடத்தில் முக்கியமாக வரும் என்பதால் இப்போதே குறிப்பிடுகிறேன்.

லவாலுக்கு முன் இம்மாகாணத்தில் அணி வைத்திருந்த மெக்கில், கான்கார்டியா, லெனாக்ஸ்வில்லில் உள்ள பிஷப்ஸ் ஆகிய மூன்றும் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகமும் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகமும் நடத்திவந்த அணிகள் 1970களின் தொடக்கத்திலேயே கலைந்துவிட்டன. அதன்பிறகு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், மக்களில் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் இம்மாகாணத்தில், பிரெஞ்சுவழிப் பல்கலைக்கழகம் ஒன்றில்கூடக் காற்பந்து அணி இருக்கவில்லை. பள்ளி முடித்தபின் ‘செஜெப்’ எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில் பிரெஞ்சு இளைஞர்கள் உற்சாகமாக இந்த ஆட்டத்தை ஆடினார்கள். அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் பல்கலைக்கழக வாசலில் அவர்கள் முன் நின்றது கடினமான தெரிவு: ஆங்கிலத்தில் படித்து ஆடுவதா, தாய்மொழியில் படித்து ஆட்டத்தை விடுவதா? லவாலின் வெற்றிகளைப் பணத்தைக் கொண்டும் பயிற்சியாளரைக் கொண்டும் விளக்குபவர்கள் உண்டு. அவ்விளக்கங்கள் பொய்யல்ல. ஆனால் இந்தத் தெரிவின் கொடுமையை விட்டுவிட்டு அந்த அணியின் எழுச்சியை விளக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை, கியூபெக் நகரம்

காலை ரயிலில் புறப்பட்டேன். மான்ட்ரியலிலிருந்து கியூபெக் நகரம் சுமார் 250 கிலோமீட்டர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரைச் சமவெளியில் நெடுந்தூரம் ஓடும் வண்டி, ஊரை நெருங்கும்போது ஆற்றைக் கடந்து சாந்த் ஃபுவா பக்கம் திரும்புகிறது. லவால் பல்கலைக்கழகம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நான் பழைய நகரத்தின் அடிவாரத்திலுள்ள பாலே நிலையம்வரை சென்று இறங்கினேன்.

கோட்டை மதில்களும் சரிவான கல் தெருக்களும் ஷாத்தோ ஃப்ரொன்தெனாக் விடுதியின் பச்சைக் கூரைகளும் எல்லாப் பயணக் கட்டுரைகளிலும் வருவனவாதலால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. பிற்பகலில் நான் தேடிச் சென்றது நகரத்தின் வடக்கே, சுற்றுலாப் பயணிகள் அதிகம் செல்லாத லிமுவாலு பகுதியிலுள்ள பழைய பனிவளைகோற்பந்து அரங்கமான கொலிசேயை. 1949இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் ‘நோர்டிக்’ அணியின் வீடாக இருந்தது. 1972இல் தோன்றி 1979இல் தேசிய ஹாக்கி லீகில் சேர்ந்த அந்த அணி, இந்த நகரத்தவருக்கு வெறும் விளையாட்டு அணியாக இருக்கவில்லை. மான்ட்ரியலின் நிழலில் வாழும் மாகாணத் தலைநகரம், தன்னாலும் ஒரு பெரிய அணியை வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டிய அடையாளம் அது. 1995இல் அந்த அணி விற்கப்பட்டு, அமெரிக்காவின் டென்வர் நகருக்குப் போய்விட்டது. அதைவிட வேதனை தந்தது அடுத்த ஆண்டு நடந்தது: 1996 ஜூனில், புதிய பெயருடன் ஆடிய அதே அணி அந்த லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. பக்கத்திலேயே 2015இல் பெரிய புதிய அரங்கம் கட்டப்பட்டும் தேசிய லீக் அணி எதுவும் இந்த ஊருக்குத் திரும்பி வரவில்லை.

டென்வர் நகரம் கோப்பையைக் கொண்டாடிய அதே 1996இல், சில மாதங்களுக்குப் பின், லவால் பல்கலைக்கழக மைதானத்தில் ரூஜ் எ ஓர் காற்பந்து அணி தன் முதல் பருவத்தை ஆடத் தொடங்கியது. இந்த இரண்டு நிகழ்வுகளும் அடுத்தடுத்து நேர்ந்ததை நான் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது, யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் இருந்த நகரம் அது.

அணியைத் தொடங்கிய விதம் கனடாவுக்குப் புதிது. பிற பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையின் வரவு செலவுக்குள்தான் அணி அடங்கும். துறைக்கு நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது செலவு மிகுந்த காற்பந்தாகவே இருக்கும். லவாலில் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இலாப நோக்கற்ற தனி அமைப்பு ஒன்று அணியின் பொறுப்பை ஏற்றது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் தலையானவர் ஜாக் தாங்கே. கியூபெக்கில் எல்லோரும் அறிந்த அறைகலன் கடைகளை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். உள்ளூர் வணிகர்களின் நன்கொடை, விளம்பர ஆதரவு, நுழைவுச்சீட்டு வருமானம் ஆகியவற்றைக் கொண்டே அணி நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முழுநேரப் பயிற்சியாளர்களை அமர்த்தவும் அவர்களை ஆண்டுக்கணக்கில் தக்கவைத்துக்கொள்ளவும் அதனால் முடிந்தது. மற்ற இடங்களில் உதவிப் பயிற்சியாளர்கள் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் வந்து போகிறவர்களாக இருந்த காலம் அது.

பலன் விரைவில் தெரிந்தது. நான்காவது பருவமான 1999இல், ஜாக் ஷாப்டெலேனின் பயிற்சியில், டொராண்டோவின் ஸ்கைடோம் அரங்கில் ஹாலிஃபாக்ஸின் செயின்ட் மேரிஸ் அணியை 14-10 என்று வீழ்த்தி லவால் முதல் வனியே கோப்பையைப் பெற்றது. அப்போது அந்த அணியில் ஆடியவர்கள் பலர், தம் தாய்மொழியில் பல்கலைக்கழகப் படிப்பும் காற்பந்தும் ஒருசேரக் கிடைக்கும் என்று சிறுவர்களாக இருந்தபோது எண்ணியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை, கோட்டையும் வளாகமும்

காலையில் கியூபெக் கோட்டைக்குச் சென்றேன். ஆற்றுக்கு மேலே டயமண்ட் முனையில் நட்சத்திர வடிவில் கட்டப்பட்டிருக்கும் இந்தக் கோட்டை இன்றும் படைமுகாம்தான்; பிரெஞ்சு பேசும் வீரர்களைக் கொண்ட 22ஆம் ரெஜிமென்ட் இங்கே தங்கியிருக்கிறது. அதனால் வழிகாட்டியுடன்தான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் பீரங்கிகளையும் ஆற்றுக் காட்சியையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனம் இங்குள்ள நினைவுச் சிற்றாலயத்தில் இருந்தது. ஜார்ஜ் வனியே அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

கோப்பைக்குப் பெயர் தந்த இந்த மனிதரைப் பற்றிக் காற்பந்து இரசிகர்களுள் பலர் அறிந்திருப்பதில்லை. 1888இல் மான்ட்ரியலில் பிறந்த வனியே சட்டம் படித்து வழக்கறிஞரானார். முதல் உலகப் போரில் 22ஆம் பட்டாளத்தை உருவாக்குவதில் பங்கேற்றார். 1918இல் வலது காலை இழந்தார். கால் போன பின்னும் படையை விட்டு விலகாமல், 1920களில் இந்தக் கோட்டையிலேயே ரெஜிமென்ட்டின் தலைவராக இருந்தார். 1959இல் கனடாவின் தலைமை ஆளுநரானார். பிரெஞ்சுக் கனடியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. 1965இல் பல்கலைக்கழகக் காற்பந்துக்கு நாடளாவிய கோப்பை ஒன்று ஏற்பட்டபோது அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது; முதல் ஆட்டத்தில் டொராண்டோ பல்கலைக்கழகம் அல்பர்ட்டாவை வென்றது. 1967இல் அவர் மறைந்தார். பிரெஞ்சு மொழி பேசுபவர்களுக்குப் படையிலும் அரசிலும் இடம் தேடித்தந்த ஒருவரின் பெயரிலான கோப்பையை, பிரெஞ்சுவழிப் பல்கலைக்கழகம் ஒன்று வெல்ல 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அங்கே நினைத்தபோது மனம் கனத்தது.

பிற்பகலில் மெட்ரோபஸ் பிடித்து லவால் வளாகத்துக்குச் சென்றேன். பல்கலைக்கழகம் 1852இல் அரச ஆணை பெற்றது. அதன் மூலமான குருமடத்தைப் பிரான்சுவா தெ லவால் என்னும் ஆயர் 1663இல் நிறுவினார். வட அமெரிக்காவில் பிரெஞ்சுமொழி உயர்கல்வியின் தாய்வீடு இது. பழைய நகரத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் சாந்த் ஃபுவாவுக்கு இடம்பெயர்ந்ததால் வளாகம் விசாலமாக, மரங்கள் அடர்ந்து இருக்கிறது. அதன் விளையாட்டு மையம் ‘பெப்ஸ்’ என்று எல்லோராலும் அழைக்கப்படுகிறது. 1970இல் திறக்கப்பட்ட அந்த மையத்தை ஒட்டியே மைதானம் அமைந்திருக்கிறது. நாளைய ஆட்டத்துக்காகக் கோடுகள் புதுப்பிக்கப்பட்டிருந்தன.

வெறுமையான பார்வையாளர் வரிசையில் அமர்ந்துகொண்டு, கையோடு கொண்டுவந்த குறிப்பேட்டில் பழைய இறுதி ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஷாப்டெலேனுக்குப் பின் 2001இல் தலைமைப் பயிற்சியாளரான க்ளென் கோன்ஸ்தாந்தென் இந்த அணியின் முகமாகவே மாறிவிட்டார். லவாலின் 12 கோப்பைகளில் முதலாவதைத் தவிர மற்ற 11ம் அவருடைய தலைமையில் கிடைத்தவை. கனடாவில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் இத்தனை இல்லை. தற்காப்பு ஆட்டத்தில் ஊறியவர் என்பதை அவருடைய தொடக்க வெற்றிகளே சொல்லும். 2003இல் செயின்ட் மேரிஸுடன் 14-7; 2004இல் ஹாமில்டன் நகரில் சஸ்காட்சவனுடன் 7-1. நான் முன்பு சொன்ன அந்த ஒற்றைப் புள்ளிதான் எதிரணிக்கு அன்று முழு ஆட்டத்திலும் கிடைத்தது. இரு அணிகளும் சேர்ந்து 8 புள்ளிகள் எடுத்த ஓர் இறுதி ஆட்டத்தைச் சுவையற்றது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கோ தற்காப்பின் மேன்மையைக் காட்ட அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 2006இல், அதுவரை ஒன்டாரியோ மாகாணத்திலேயே நடந்துவந்த இறுதி ஆட்டம் முதன்முறையாக வெளியே, சஸ்கட்டூன் நகரில் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய சஸ்காட்சவனை லவால் 13-8 என்று தோற்கடித்தது. 2008இல் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை 44-21 என்று வென்றபோது, தாக்குதலிலும் இவர்கள் சளைத்தவர்கள் அல்லர் என்பது தெளிவானது. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹெக் க்ரைட்டன் விருதும் லவாலின் குவார்ட்டர்பேக்கான (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) பெனுவா குரூவுக்கே சென்றது.

2009ஆம் ஆண்டைப் பற்றிப் படிக்கையில் மட்டும் சற்று நிறுத்தினேன். இறுதி ஆட்டம் முதன்முறையாக இந்த மைதானத்துக்கே வந்தது. ஊரே ஆயத்தமாக இருந்தது. அரையிறுதியில் கிங்ஸ்டன் சென்ற லவால், குயின்ஸ் பல்கலைக்கழகத்திடம் 33-30 என்று தோற்றுவிட்டது. ஆனாலும் நவம்பர்க் குளிரில் 18,000க்கும் மேற்பட்டோர் இங்கே வந்து, குயின்ஸும் கால்கரியும் ஆடியதைப் பார்த்தார்கள். தம் அணி இல்லாத இறுதி ஆட்டத்துக்கு அரங்கை நிறைத்த நகரம் என்பதுதான் கியூபெக்கைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு. அடுத்த ஆண்டும் இறுதி ஆட்டம் இங்கேயே நடந்தது. லவால் கால்கரியை 29-2 என்று வென்று அந்த இரசிகர்களின் கடனைத் தீர்த்தது.

2011இல் வான்கூவரில் நடந்த இறுதி ஆட்டத்தைக் கனடியப் பல்கலைக்கழகக் காற்பந்தின் மிகச் சிறந்த ஆட்டம் என்று சொல்பவர்கள் பலர். நானும் அவர்களுள் ஒருவன். இடைவேளையில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 23-0 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் லவால் ஒவ்வொன்றாகச் சேர்த்து முந்தியது. மெக்மாஸ்டர் மீண்டும் எழுந்தது. ஆட்ட நேரம் முடிகையில் இருவரும் 31இல் நின்றார்கள். கடைசி நொடியில் வெற்றிக்கான உதையைத் தவறவிட்ட மெக்மாஸ்டரின் உதைப்பாளர் டைலர் க்ரபிக்னாவே, இரண்டாவது கூடுதல் நேரத்தில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தி 41-38 என்று ஆட்டத்தை முடித்தார். லவாலுக்கு அது தோல்வி. ஆனால் அடுத்த ஆண்டு டொராண்டோவில் இதே இரு அணிகளும் மறுபடி சந்தித்தபோது 37,000க்கும் மேற்பட்டோர் திரண்டு வந்ததற்கு அந்தத் தோல்விதான் காரணம். வனியே கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு அவ்வளவு கூட்டம் அதற்குமுன் கூடியதில்லை. அன்று மாக்ஸிம் பூத்தென் பந்தைச் சுமந்து 250 கெஜத்துக்கும் மேல் ஓடினார். லவால் 37-14 என்று வென்றது.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்ட நாள்

ஆட்டம் பிற்பகலில்தான், ஆனால் நான் காலையிலேயே போய்விட்டேன். பெப்ஸ் மையத்தின் வண்டி நிறுத்தும் இடங்கள் அதற்குள் நிரம்பியிருந்தன. வண்டிகளின் பின்புறத்தைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, மேசை விரித்துக் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருக்கிறார்கள். பாட்டிமார் சிவப்புத் தொப்பி அணிந்திருக்கிறார்கள். வண்டிகளுக்கு நடுவே சிறுவர்கள் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பழைய வழக்கம்; கனடாவில் இந்த அளவுக்கு இதை வளர்த்தெடுத்தது லவால்தான்.

ஒரு குடும்பத்தினர் என்னை அழைத்து உட்காரவைத்தார்கள். ஐம்பது வயது கடந்த அந்தத் தந்தை, தம் செஜெப் நாள்களில் தற்காப்பு வரிசையில் ஆடியவர். பொறியியலைப் பிரெஞ்சிலேயே படிக்க விரும்பியதால் லவாலில் சேர்ந்து ஆட்டத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்போது இங்கே அணி இல்லை. அவருடைய மகன் இப்போது செஜெப் இரண்டாம் ஆண்டில் ஆடுகிறான். கலைந்துபோன மான்ட்ரியல், ஷெர்ப்ரூக் அணிகள் மீண்டும் வந்துவிட்டதால், லவாலா, மான்ட்ரியலா, ஷெர்ப்ரூக்கா என்று வீட்டில் தினமும் விவாதம் நடக்கிறதாம். மகன் மான்ட்ரியல் என்று மெல்லச் சொன்னபோது தந்தையின் முகம் மாறியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

எதிரணி மான்ட்ரியலிலிருந்து வந்த கான்கார்டியா. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்தார்கள் என்று என் கண் மதிப்பிட்டது. கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டில் வழக்கமான லீக் ஆட்டத்துக்கு இத்தகைய கூட்டத்தை வேறெங்கும் காண்பது அரிது. லவாலின் தற்காப்பு வரிசையை நேரில் பார்த்தபோதுதான் குறிப்பேட்டிலிருந்த எண்களுக்குப் பொருள் கிடைத்தது. எதிரணி பந்தை எடுத்தவுடன் நால்வர் ஒரே கணத்தில் அசைகிறார்கள். கபடியில் பாடிவருபவரைச் சுற்றிச் சங்கிலி மடங்குவதுபோல் இரு ஓரங்களும் உள்நோக்கி மடங்குகின்றன. இந்த வரிசையில் வளர்ந்தவர்களுள் மாத்தியூ பெட்ஸைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நாட்டின் சிறந்த முன்வரிசை வீரருக்கான ஜே.பி. மெட்ராஸ் விருதை 2016, 2017, 2018 என மும்முறை தொடர்ந்து பெற்றவர் அவர். பின்னர் தொழில்முறை லீகில் பி.சி. லயன்ஸ் அணிக்காக ஆடி, 2023இல் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 18 முறை வீழ்த்தி, அந்த லீகின் சிறந்த தற்காப்பு வீரராகவும் தேர்வானார். அவர் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் லவால் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. இடையில் 2017இல் வெஸ்டர்னிடம் 39-17 என்று தோற்றது.

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர், நான் டொராண்டோவிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும், “நாங்கள் பணத்தால் கோப்பை வாங்குகிறோம் என்றுதானே அங்கே பேசுகிறார்கள்?” என்று நேராகவே கேட்டார். பேசுகிறார்கள் என்பது உண்மை. லவாலின் முழுநேரப் பயிற்சியாளர்கள், உள்ளரங்க வசதிகள், வசந்தகாலத்தில் ஃப்ளோரிடாவுக்குச் சென்று நடத்தும் பயிற்சி முகாம் ஆகியவற்றைச் சுட்டி, இது சமமான போட்டி அல்ல என்று மற்ற மாகாணங்களில் நெடுங்காலமாகக் குறை கூறிவருகிறார்கள்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கனடாவில் பல்கலைக்கழக வீரருக்குத் தரும் உதவித்தொகை, கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் மேல் போகக் கூடாது. கியூபெக் மாணவர்களுக்குக் கட்டணமே நாட்டில் மிகக் குறைவு. ஆகவே லவால் விரும்பினாலும் பணத்தைக் காட்டி ஓர் இளைஞனை இழுக்க முடியாது. பணம் பயிற்சியிலும், மருத்துவக் கவனிப்பிலும், படிப்பில் பின்தங்காமல் வீரர்களைக் காப்பதிலும்தான் செலவாகிறது. அவை மாணவனுக்குச் சேரும் நன்மைகள். மேலும், வழி ஒன்றும் மறைவானதல்ல. 2013இல் ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகம், பல ஆண்டுகளுக்கு முன் கலைத்துவிட்ட தன் அணியை முன்னாள் மாணவர்களின் பொருளுதவியுடன் மீண்டும் தொடங்கியபோது லவாலின் வழியையே பின்பற்றியது.

ஆனால் குறையில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். கியூபெக் லீகில் ஆடும் அணிகள் மிகச் சில. பிஷப்ஸ் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் மட்டுமே மாணவர்களைக் கொண்ட சிறிய நிறுவனம். பல்லாயிரம் மாணவர்களும் ஒரு நகரத்தின் வணிகர்களும் பின்நிற்கும் அணியுடன் அது ஆண்டுதோறும் மோத வேண்டியிருந்தது. 2017இல் பிஷப்ஸ் இந்த லீகை விட்டு விலகி, தன் அளவுக்கு நெருங்கிய பல்கலைக்கழகங்கள் ஆடும் அட்லாண்டிக் மாகாணங்களின் லீகில் சேர்ந்துகொண்டது. இப்போது கியூபெக்கில் எஞ்சியிருப்பவை ஐந்து அணிகளே. 2003 தொடங்கி 2013 வரை மாகாணக் கோப்பையான டன்ஸ்மோரைத் தொடர்ந்து பதினொரு முறை ஒரே அணி எடுத்துச் சென்றது லவாலுக்குப் பெருமை. லீகுக்கு அது நலம் பயக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் இதை என்னால் இயன்ற பிரெஞ்சில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “கராபென் வந்த பிறகுதான் எங்களுக்கும் தூக்கம் போனது, அது நல்லதுதான்” என்றார்.

திங்கட்கிழமை, மீண்டும் மான்ட்ரியல்

அவர் சொன்ன கராபென், மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் அணி. திரும்பும் வழியில் ரயில் மாறுவதற்கு இடையே கிடைத்த நேரத்தில், ராயல் மலையின் மறுபக்கச் சரிவிலுள்ள செப்ஸம் மைதானத்துக்குச் சென்றேன். சுமார் ஐயாயிரம் பேர் அமரக்கூடிய சிறிய மைதானம். மலையின் மரங்கள் இலை நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

லவாலின் வெற்றியைக் கண்டு, 2002இல் கராபென் அணி முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் களமிறங்கியது. அடுத்த ஆண்டு ஷெர்ப்ரூக்கின் அணியும் திரும்பியது. கால் நூற்றாண்டாகப் பிரெஞ்சுவழி அணியே இல்லாதிருந்த மாகாணத்தில் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று அணிகள். லவாலின் 12 கோப்பைகளுக்கு இணையாக நான் மதிக்கும் சாதனை இதுதான்.

2014 நவம்பரில் கராபென் கியூபெக் நகருக்கே சென்று, டன்ஸ்மோர் கோப்பை ஆட்டத்தில் லவாலைக் கூடுதல் நேரத்தில் 12-9 என்று வென்றது. பல்லாண்டுகளாகச் சொந்த மைதானத்தில் தோல்வியே அறியாதிருந்த அணியின் தொடர் அன்று அறுந்தது. அதே மாத இறுதியில், நான் வியாழக்கிழமை பார்த்த மெக்கிலின் மோல்சன் மைதானத்தில், கராபென் மெக்மாஸ்டரை 20-19 என்று வென்று தன் முதல் வனியே கோப்பையைப் பெற்றது. இறுதி நிமிடத்தில் மெக்மாஸ்டர் உதைத்த பந்தைத் தடுத்தே அந்த ஒரு புள்ளி வித்தியாசம் காப்பாற்றப்பட்டது. இதில் விசித்திரம், 2015இலும் 2019இலும் கராபென் மீண்டும் இறுதி ஆட்டத்தை எட்டியபோது அது நடந்த இடம் லவாலின் மைதானம். இரண்டிலும் கராபென் தோற்றது.

இந்த இரண்டு போட்டியாளர்களும் ஒரு காலத்தில் ஒரே நிறுவனமாக இருந்தவர்கள் என்பதை இங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன். மான்ட்ரியல் பல்கலைக்கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லவாலின் கிளையாகத் தொடங்கப்பட்டு, முதல் உலகப் போர் முடிந்த பிறகே தனித்து நின்றது. ஜார்ஜ் வனியே 1911இல் சட்டப் பட்டம் பெற்றது அந்தக் கிளையில்தான். ஆகவே அவருடைய பெயரிலான கோப்பைமீது இரு அணிகளுமே உறவுரிமை கொண்டாடலாம்.

அந்த உரிமையைக் களத்திலும் நிலைநாட்டி வருகிறார்கள். 2022இல், அவ்வாண்டின் ஹெக் க்ரைட்டன் விருதை வென்ற கெவின் மிட்டால் முன்னின்று ஆட, லவால் சஸ்காட்சவனை 30-24 என்று வென்றது. 2023இல் கராபென் பிரிட்டிஷ் கொலம்பியாவை 16-9 என்று வென்றது. 2024இல் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வந்த வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகத்தை லவால் 22-17 என்று வீழ்த்தியது. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கோப்பை பிரெஞ்சுவழிப் பல்கலைக்கழகங்களிடமே இருந்தது. நேற்று சந்தித்த அந்த மாணவன் மான்ட்ரியலையே தேர்ந்தெடுப்பானாயின், அவன் வந்து ஆடப்போகும் மைதானம் இதுவே. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவன் தன் தந்தையின் அணியை எதிர்த்து ஆடவேண்டியிருக்கும்.